வைக்கோல், தட்டை, கொடி: எத வெட்டணும், எத யூரியா போட்டு மூடணும், எத சும்மா விடணும்

வைக்கோல அப்படியே தூக்கிப் போட்டா மாடு தின்னாதான்னு கேட்டா தின்னும், வேற ஒண்ணும் இல்லைன்னா எதையும்தான் தின்னும், ஆனா காலைல போட்டதுல பாதி சாயங்காலம் காடியிலயே கிடக்கும், மீதி பாதிய தின்னுட்டு வயிறு முட்ட நிக்கும், விலா எலும்ப மட்டும் நாம தூரத்துல இருந்தே எண்ணிடலாம். வயிறு நிறையுது, ஒடம்புல ஒட்டல. இந்த ஒரு விஷயம் ஏன்னு புரிஞ்சா மீதி எல்லாம் ஈஸி, அதனால அதுல இருந்தே ஆரம்பிக்கிறேன், செய்முறை மட்டும் வேணும்ங்கிறவங்க கொஞ்சம் கீழ போயிடுங்க.

காஞ்ச வைக்கோல்ல முக்கால்வாசி வெறும் நாருதான். அந்த நார மாடு தானா செரிக்காது, பெருவயித்துல, அதாவது மாட்டோட நாலு வயித்துல முதலாவதுல, குடியிருக்குற நுண்ணுயிருங்கதான் செரிச்சு குடுக்கும். அதுங்களும் உயிருதானே, பெருகணும்னா நைட்ரஜன் வேணும், அதாவது புரதக் கணக்குல பாத்தா தின்னுற தீனில குறைஞ்சது 7% புரதமாவது இருக்கணும். நெல்லு வைக்கோல்ல இருக்குறது 3, 4% தான். அப்ப என்ன ஆகும், நுண்ணுயிருங்க பெருகாது, நாரு உடைய ரொம்ப நேரம் எடுக்கும், உடையாத வைக்கோல் பெருவயித்துல இடத்த அடைச்சுக்கிட்டு உக்காந்திருக்கும், இடம் இல்லாததால மாடு மேல திங்காது. அதான் வயிறு பெருசா ஒடம்பு சின்னதா நிக்கிறது. ரெண்டாவது சிக்கல் லிக்னின், அது நாரை சிமெண்ட் மாதிரி பிடிச்சு வச்சிருக்கும், நுண்ணுயிருக்கு உள்ள நுழைய வழி கிடைக்காது. நெல்லு வைக்கோல்ல லிக்னின் கம்மிதான், ஆனா அதுக்கு பதிலா சிலிக்கா எக்கச்சக்கம், மணல்ல இருக்குற அதே சரக்கு, அதுவும் செரிமானத்த தடுக்கும்.

அப்ப நம்ம கையில இருக்குற வேலை மூணு: மாட்ட அதிகமா தின்ன வைக்கணும், நாரோட பிடிப்ப தளர்த்தணும், நுண்ணுயிருக்கு நைட்ரஜன் குடுக்கணும். வெட்டுறது முதல் வேலைய மட்டும் செய்யும். யூரியா போட்டு மூடி வைக்கிறது மூணையும் செய்யும். ஆனா எல்லா தட்டைக்கும் யூரியா கிடையாது, இங்கதான் பாதி பேர் தப்பு பண்றாங்க, நானும் பண்ணிருக்கேன்.

முதல்ல கையில என்ன இருக்குன்னு பாருங்க

நெல்லு வைக்கோல், கோதுமை வைக்கோல், முத்திப்போய் காஞ்ச சோளத்தட்டை, கம்பந்தட்டை, காஞ்சு வெளுத்துப்போன மக்காச்சோளத்தட்டை, இதெல்லாம் ஒரு ஜாதி. புரதம் கம்மி, நாரு அதிகம், யூரியா இதுக்குத்தான்.

கடலைக்கொடி, பயறு, உளுந்து, கொண்டைக்கடலை மாதிரி செடிங்கள அடிச்ச பொறகு மிஞ்சுற பொட்டு, இதெல்லாம் வேற ஜாதி. இலையோட சேத்து பக்குவமா காய வச்ச கடலைக்கொடில 10%க்கு மேலயே புரதம் இருக்கும், அது கிட்டத்தட்ட நல்ல காஞ்ச புல்லு மாதிரி. இதுக்கு எந்த வைத்தியமும் வேணாம், செய்யவும் கூடாது. இதுல நாம செய்ய வேண்டியது ஒண்ணே ஒண்ணு, இலைய உதிர விடாம பாத்துக்கறது, ஏன்னா சத்து முழுக்க இலையிலதான். மொட்டை வெயில்ல புரட்டுனா இலை எல்லாம் மண்ணுல உதிர்ந்து வெறும் குச்சி மட்டும் வீட்டுக்கு வரும், அதனால காலைல பனி ஈரம் கொஞ்சம் இருக்கும்போதே புரட்டி கட்டிடணும். வேரோட பிடுங்குறதால மண்ணு நிறைய ஒட்டியிருக்கும், உதறிட்டு போடுங்க. மிஞ்சின காய்ல பச்சையா கருப்பா பூசணம் தெரிஞ்சா அந்தக் கொடிய தூக்கி போட்டுடுங்க, அந்தப் பூசணத்தோட விஷம் பால் வரைக்கும் வரும்.

மூணாவது ஜாதி, இன்னும் பச்சை போகாதது. கதிர் ஒடிச்ச உடனே இருக்குற மக்காச்சோளத்தட்டை, கரும்பு வெட்டும்போது கிடைக்கிற கொழுந்தாடை. இதுல சர்க்கரை இன்னும் இருக்கு, காய விட்டா அது வீணா போயிடும், இத சைலேஜ் போட்டுடணும், அதாவது பச்சையா நறுக்கி காத்து போகாம மூடி புளிக்க வைக்கணும், பின்னாடி சொல்றேன். பருத்தி மாறு, துவரை மாறு மாதிரி கட்டையா இருக்குறத விட்டுடுங்க, யூரியாவால மரத்த தீனியாக்க முடியாது. ஆடு அதுல இலைய பொறுக்கித் தின்னும், அவ்ளோதான்.

இன்னொரு சின்ன விஷயம். சோளத்தட்டை, மக்காச்சோளத்தட்டைல இலைதான் நல்லா செரிக்கும், தண்டு செரிக்காது, மாடும் இலைய தின்னுட்டு தண்ட விட்டுடும். நெல்லுல மட்டும் தலைகீழ், இலைய விட தண்டுதான் நல்லா செரிக்கும், ஏன்னா சிலிக்கா இலையிலதான் அதிகமா படியும். அதனால நெல்லு அறுக்கும்போது தாழ அறுத்தா வைக்கோல் கூடுதலா கிடைக்கிறது மட்டும் இல்ல, கொஞ்சம் நல்ல வைக்கோலாவும் கிடைக்கும்.

காயாம அடுக்காதீங்க

இத சுருக்கமா சொல்லிடுறேன். ஈரம் 15%க்கு கீழ போகணும், முறுக்கிப் பாத்தா நெகிழாம மொறுமொறுன்னு ஒடியணும். ஈரமா படப்பு போட்டா உள்ள சூடேறும், பூசணம் பிடிக்கும், ரொம்ப ஈரமா இருந்தா தானா தீப்பிடிக்கிறதும் உண்டு. தரையில நேரா போடாம கல்லு, கட்டை, எதாவது அடுக்கி ஒரு அடி மேல தூக்கி போடுங்க. படப்புக்குள்ள கைய விட்டுப் பாருங்க, வெதுவெதுப்பா இருந்தா பிரிச்சு காத்தாட விடுங்க. மருந்தடிச்சு ரொம்ப நாள் ஆகாத பயிரோட தட்டைய மாட்டுக்கு கொண்டு வராதீங்க, டப்பால எத்தன நாள் இடைவெளின்னு போட்டிருப்பான், அத பாருங்க.

வெட்டுறது

மாட்டுக்கு 2 லேர்ந்து 3 சென்டிமீட்டர், அதாவது ஒரு இஞ்ச் கணக்குல வெட்டுனா போதும். ஆட்டுக்கு இன்னும் கொஞ்சம் சின்னதா. வெட்டுனா என்ன லாபம்னா வீணாகுறது குறையும், தண்ட தள்ளிட்டு இலைய மட்டும் பொறுக்குறதுக்கு மாட்டுக்கு வழியில்ல, ஒரே நேரத்துல நிறைய தின்னும், தவிடு புண்ணாக்கு கலக்கவும் சுலபம். ஆனா ஒண்ணு தெளிவா சொல்லிடுறேன், வெட்டுறதால செரிமானம் கூடாது. வெட்டுன வைக்கோலும் வைக்கோல்தான். சிலபேர் இன்னும் நைசா அரைச்சா இன்னும் நல்லதுன்னு மாவாட்டம் அரைச்சு போடுறாங்க, அது கெடுதல். நைசா போனா மாடு அசைபோடுறது குறையும், உமிழ்நீர் குறையும், பெருவயித்துல புளிப்பு ஏறும், பால்ல கொழுப்பு இறங்கும், அதோட பொடி சீக்கிரமா பெருவயித்த தாண்டிப் போயிடும், நுண்ணுயிருக்கு வேலை செய்ய டைமே இருக்காது. அரைச்ச தூசு மூக்குல போய் இருமல் வேற.

தட்டை வெட்டுற மெஷின்ல கைய குடுக்காதீங்கன்னு சொன்னா எல்லாருக்கும் தெரிஞ்சதுதானேன்னு தோணும், ஆனா விரல் போறது எல்லாம் பழகின கைக்குத்தான், புதுசா பண்றவன் பயந்து பயந்து பண்ணுவான். தோள்ல தொங்குற துணி, வளையல், விரிச்ச முடி எதுவும் இருக்கக்கூடாது, கடைசி பிடி தட்டைய கையால தள்ளாம இன்னொரு தட்டையால தள்ளுங்க, அடைச்சுக்கிச்சுன்னா மோட்டார நிறுத்திட்டு சக்கரம் முழுசா நின்ன பொறகு கைய வைங்க, குழந்தைங்க பக்கத்துல நிக்கக்கூடாது. கத்தி மழுங்கினா தட்டை வெட்டாது, கசங்கி இழுபடும், அப்பதான் கையும் சேந்து இழுபடும், அதனால தீட்டி வச்சுக்கோங்க.

கம்பி, ஆணி, கட்டுக்கம்பி துண்டு இருக்கான்னு பாத்துட்டு மெஷின்ல விடுங்க. மாடு தீனிய நாக்கால சுருட்டி முழுங்கும், மென்னு பாத்து துப்புறது கிடையாது. சின்ன கம்பி ரெண்டாவது வயித்துல போய் தங்கி அங்கருந்து குத்திக்கிட்டு இதயம் வரைக்கும் போகும், மாடு திடீர்னு தீனி எடுக்காம முதுக வளைச்சுக்கிட்டு நிக்கும். மெஷின் வாய்ல ஒரு காந்தத்த கட்டி வச்சா இரும்புத் துண்டு பாதிக்கு மேல அதுலயே மாட்டிக்கும், சாயங்காலம் அதுல ஒட்டுனத பாத்தா நமக்கே பயமா இருக்கும்.

மெஷின் இல்லைன்னா வைக்கோல ராத்திரியே தண்ணி தெளிச்சு ஊற விடுங்க. தூசு அடங்கும், மெதுவாகும், கொஞ்சம் கூடுதலா தின்னும், ஒரு பிடி உப்பு கரைச்சு தெளிச்சா இன்னும் விரும்பித் தின்னும். நெல்லு வைக்கோல்ல ஆக்சலேட்னு ஒண்ணு இருக்கு, அது சுண்ணாம்புச் சத்த பிடிச்சு வச்சுக்கிட்டு மாட்டுக்கு கிடைக்க விடாது, ஊற வச்சு தண்ணிய வடிச்சுட்டா அதுல கொஞ்சம் போயிடும். வெயில் காலத்துல ஊற வச்சத அன்னிக்கே போட்டு முடிச்சிடுங்க, மிச்சம் புளிச்சுப் போகும்.

இப்ப யூரியா

இதோட கதை கொஞ்சம் பழசு. 1920 வாக்குல ஜெர்மனியில எர்ன்ஸ்ட் பெக்மன்னு ஒரு வேதியியல்காரர், பெக்மன் தெர்மாமீட்டர்னு காலேஜ் லேப்ல பாத்திருப்பீங்களே அதே ஆள்தான், வைக்கோல காஸ்டிக் சோடா கரைசல்ல ஊற வச்சு அலசிப் போட்டா நல்லா செரிக்குதுன்னு செஞ்சு காமிச்சாரு. காரம் (மொளகா காரம் இல்ல, அமிலத்துக்கு எதிரான அல்கலி) பட்டா லிக்னினுக்கும் நாருக்கும் நடுவுல இருக்குற கட்டு அவிழ்ந்திடும், அதான் ரகசியம். ஆனா அலசுறப்ப சத்தும் நிறைய கரைஞ்சு போச்சு, அலசுன தண்ணி போற எடமெல்லாம் நாசம். அதே காரத்த அமோனியா குடுக்கும், அமோனியா அலச வேணாம், தானா பறந்துடும், போற போக்குல நைட்ரஜனையும் விட்டுட்டுப் போகும். அமோனியா சிலிண்டர நம்ம கையாள முடியாது, ஆனா யூரியாவ ஈரமான வைக்கோல்ல போட்டு காத்து போகாம மூடுனா, வைக்கோல்லயே இருக்குற நுண்ணுயிருங்களோட யூரியேஸ் நொதி அத அமோனியாவா மாத்திடும். நாம செய்றது அவ்ளோதான்.

அளவு: காஞ்ச வைக்கோல் 100 கிலோ, யூரியா 4 கிலோ, கரைசல் மொத்தமா 60 லிட்டர் வர்ற அளவுக்கு தண்ணி. இத மனப்பாடம் பண்ணிக்கோங்க. அத விட முக்கியம் தராசு. நான் முதல் தடவை கட்டு கட்டா எண்ணி, ஒரு கட்டு 10 கிலோ இருக்கும்னு கண்ணால மதிச்சு போட்டேன், அப்புறம் ஒரு கட்ட தூக்கி தராசுல வச்சா 6 கிலோ சொச்சம்தான் இருக்கு, அதாவது வைக்கோலுக்கு வேண்டியதுல ஒன்றரை மடங்கு யூரியா போயிருக்கு, திறக்கும்போது கண்ணு எரிஞ்சு ஓடி வந்தேன், மாடும் முகத்த திருப்பிக்கிச்சு. அந்த மொத்தமும் எருக்குழிக்கு போச்சு. அதனால பத்து கட்டாவது எடை போட்டு சராசரி எடுங்க.

எவ்ளோ போடணும்னு கணக்கு: 400 கிலோ மாடு ஒண்ணு யூரியா வைக்கோல் ஒரு நாளைக்கு 6 கிலோ தின்னும்னு வச்சுக்கோங்க, ரெண்டு மாடுன்னா 12 கிலோ, 21 நாளைக்கு 250 கிலோ சுமார். நல்லா மிதிச்சு அடைச்சா ஒரு கன மீட்டருக்கு 100 கிலோ பக்கத்துல பிடிக்கும், அப்ப ரெண்டரை கன மீட்டர் இடம் வேணும். இதே அளவுல ரெண்டு எடம் வச்சுக்கிட்டா ஒண்ணுல எடுத்து போட்டுக்கிட்டு இருக்கும்போது இன்னொண்ணு பக்குவமாகிக்கிட்டு இருக்கும், மூணு வாரத்துக்கு ஒரு தடவ வேலை. எடம்னா குழிதான்னு இல்ல, சுவர் மூலைல ரெண்டு பக்கம் சுவரும் ரெண்டு பக்கம் ஷீட்டும் வச்சு பண்ணலாம், தொட்டில பண்ணலாம், கொஞ்சமா வேணும்னா உள்ள பிளாஸ்டிக் உறை போட்ட சாக்குல கூட பண்ணலாம். தண்ணி ஊறுற எடத்துல குழி மட்டும் வேணாம்.

போடுற விதம்: அடில பாலித்தீன் ஷீட்ட விரிங்க, ஓரம் நல்லா வெளிய தொங்கணும், கடைசில மேல மடிக்க வேணும். வைக்கோல் 20 கிலோ எடை போட்டு பரப்புங்க. ஒரு டிரம்ல 4 கிலோ யூரியாவ கரைச்சு 60 லிட்டரா நிரப்பி வச்சுக்கோங்க, நல்லா கரையணும், அடில கட்டி நிக்கக்கூடாது. அதுல இருந்து 12 லிட்டர் எடுத்து பூவாளில ஊத்தி அந்த 20 கிலோ மேல எல்லா எடத்துலயும் படுற மாதிரி தெளிங்க, ஒருத்தர் தெளிக்க ஒருத்தர் கிளறிக் குடுக்கணும். அப்புறம் மிதிங்க, ஓரத்துலயும் மூலைலயும் இன்னும் நல்லா மிதிங்க, காத்து அங்கதான் ஒளிஞ்சிருக்கும். அடுத்த 20 கிலோ, அடுத்த 12 லிட்டர். இப்படி 5 அடுக்குல 100 கிலோ முடியும், கரைசலும் சரியா தீரும், கடைசில டிரம்ல மிச்சம் இருந்தா எங்கயோ கம்மியா தெளிச்சிருக்கீங்கன்னு அர்த்தம். மொத்தத்தையும் குவிச்சு வச்சுட்டு மேல இருந்து ஊத்துறது எல்லாம் வேலைக்காகாது, மேல காஞ்சும் அடில சொதசொதன்னும் இருக்கும்.

கடைசில மேல்பக்கத்த கும்மாச்சி மாதிரி குமிச்சு, ஷீட்ட மடிச்சு, மேல ஒண்ணு போத்தி, ஓரம் சுத்தி மண்ணு போட்டு அழுத்துங்க, மேல பழைய டயரு, மண்ணு மூட்டை எதாவது பாரம். பக்கத்துல போனா அமோனியா வாசனை வரக்கூடாது. வந்துச்சுன்னா காசு காத்துல போகுதுன்னு அர்த்தம், ஓட்டைய தேடி அடைங்க. எனக்கு ஒரு தடவ எலி கடிச்ச ஓட்டை, உள்ளங்கை அகலம்கூட இல்ல, அத சுத்தி ஒரு முழத்துக்கு கருப்பா பூசணம். மீதி எல்லாம் தங்கமா இருந்துச்சு.

எத்தன நாள்? வெயில் 30 டிகிரி பக்கம் இருந்தா 21 நாள். குளிர் காலம்னா 5, 6 வாரம் ஆகும், அவசரப்படாதீங்க. பத்து நாள்ல திறந்து பாக்கணும்னு கை அரிக்கும், திறந்தா அமோனியா போயிடும், அப்புறம் மூடியும் புண்ணியமில்ல. அதே சமயம், கூட ரெண்டு வாரம் மூடியே கிடந்தா ஒண்ணும் கெடாது.

திறக்கும்போது காத்து வர்ற பக்கம் முதுக காட்டி நில்லுங்க, குனிஞ்சு முகத்த உள்ள விடாதீங்க. நல்லா வந்திருந்தா வெளுத்த மஞ்சள் போய் பழுப்பும் பொன்னிறமுமா இருக்கும், தொட்டா துணி மாதிரி மெத்துனு இருக்கும், மூக்க தாக்குற அமோனியா நெடி வரும். நெடியே இல்லாம நிறமும் மாறாம இருந்தா யூரியா சரியா மாறல, அப்படின்னா உள்ள மாறாத யூரியா அப்படியே இருக்கலாம், அத மாட்டுக்கு போடாதீங்க. கருப்பா, வெள்ளையா பூசணம் பிடிச்ச பகுதிய கையளவு தாராளமாவே ஒதுக்கி எருவுக்கு போடுங்க. ஒரு பக்கத்துல இருந்து அன்னன்னிக்கு வேணுங்கிறத மட்டும் எடுத்துட்டு உடனே மூடிடுங்க. எடுத்தத நிழல்ல பரப்பி ரெண்டு மணி நேரமாவது காத்தாட விடுங்க, சாயங்காலமே எடுத்து பரப்பி காலைல போடுறது இன்னும் நல்லது.

என்ன கிடைக்குதுன்னு ஒரு கணக்கு போட்டுப் பாருங்க. 4 கிலோ யூரியால நைட்ரஜன் 46%, அதாவது 1.84 கிலோ. அதுல மூணுல ரெண்டு பங்கு பறந்துடும், ஒரு பங்கு, சுமார் 0.6 கிலோ, வைக்கோல்ல தங்கும். அத 6.25ஆல (நைட்ரஜன புரதமா மாத்திக் கணக்கு பண்ற எண்) பெருக்கினா புரதக் கணக்குல 3.8 கிலோ. முன்னாடி 4% இருந்த வைக்கோல் 8% பக்கம் வந்துடும். மேல சொன்ன 7% கோட்ட தாண்டியாச்சு. செரிமானமும் கூடுது, தின்னுற அளவும் கால்வாசி, சில சமயம் அதுக்கும் மேல கூடுது. மூணுல ரெண்டு பங்கு வீணாப்போகுதேன்னு சிலருக்கு வயிறு எரியும், எனக்கும் எரிஞ்சது, ஆனா அந்த அமோனியாதான் கட்ட அவிழ்த்த வேலைய செஞ்சது, கூலி வாங்கிட்டு போகுதுன்னு நெனச்சுக்கோங்க.

மாட்டுக்கு பழக்குறது

முதல் நாளே காடி நிறைய கொட்டாதீங்க. சாதா வைக்கோலோட கால்வாசி கலந்து ஆரம்பிச்சு, ஒரு வாரம் பத்து நாள்ல முழுசா மாத்துங்க. முதல் ரெண்டு நாள் மோந்து பாத்துட்டு மூக்க சுளிக்கும், காத்தாட விட்ட நேரத்த கூட்டுங்க, மேல கொஞ்சம் தவிடு தூவுங்க, பழகிடும், பழகின பொறகு சாதா வைக்கோல திரும்பிப் பாக்காது. கறவை மாட்டுக்கு பால் கறந்து முடிச்ச பொறகு போடுங்க, நெடி பால்ல ஏறாது. தண்ணி எப்பவும் பக்கத்துல இருக்கணும்.

ஆறு மாசத்துக்கு உட்பட்ட கன்னுக்குட்டிக்கு வேணாம், அதுக்கு பெருவயிறு இன்னும் முழுசா தேறியிருக்காது. குதிரை, கழுதை, பன்னி, கோழி, இதுங்க எதுக்கும் கிடையாது. அசைபோடுற ஜீவனுக்கு மட்டும்தான் இது.

இனி பயப்பட வேண்டிய பகுதி. மூடி பக்குவமான வைக்கோல்னால ஆபத்து ரொம்ப கம்மி, ஆபத்து கரைக்காத யூரியாவுலயும் கரைசல்லயும்தான். பூவாளில ஒரு தடவைக்கு எடுக்குற 12 லிட்டர்ல 800 கிராம் யூரியா இருக்கு, பழக்கமில்லாத மாடு ஒண்ணுக்கு அதுல கால்வாசியே உயிருக்கு ஆபத்தாகிடலாம். தாகமா இருக்குற மாடு தண்ணின்னு நெனச்சு வாய வச்சா முடிஞ்சது கதை. அதனால வேலை நடக்குறப்ப மாட்ட தூரமா கட்டுங்க, வாளி டிரம் எல்லாம் உடனே கழுவி கவுத்துங்க, கழுவின தண்ணிய மாடு போகாத எடத்துல செடிக்கு ஊத்துங்க, யூரியா மூட்டைய பூட்டி வைங்க, உப்பு மூட்டை பக்கத்துல வைக்கவே வைக்காதீங்க. விஷம் ஏறுனா அரை மணி, ஒரு மணி நேரத்துக்குள்ள தெரியும்: நடுக்கம், எச்சி ஒழுகும், பல்ல கடிக்கும், வயிறு உப்பும், மூச்சு வாங்கும், தள்ளாடி விழும். கால்நடை டாக்டர கூப்பிட்டுக்கிட்டே, மாடு இன்னும் முழுங்குற நிலைல இருந்தா வினிகரும் நிறைய குளிர்ந்த தண்ணியும் குடுக்குறதுதான் முதலுதவி. புளிப்பு அமோனியாவ கட்டிப்போடும், குளிர் யூரியா மாறுற வேகத்த குறைக்கும். விழுந்து கிடக்குற மாட்டுக்கு வாய்ல ஊத்தாதீங்க, நுரையீரலுக்குள்ள போயிடும்.

வைக்கோல் மேல அப்பப்ப யூரியா தண்ணி தெளிச்சு உடனே போட்டா என்னன்னு கேப்பாங்க. அது வேற, இது வேற. அதுல நைட்ரஜன் மட்டும் கிடைக்கும், நாரோட கட்டு அவிழாது, அளவு தப்பினா மாடு போயிடும். அப்படி குடுக்கணும்னா யூரியா, மொலாசஸ் (சர்க்கரை ஆலைல மிஞ்சுற பாகு), தாது உப்பு சேத்து கெட்டியா செஞ்ச நக்குற கட்டி இருக்கு, மாடு மெதுமெதுவாத்தான் நக்க முடியும், அது பரவால்ல. அதையும் உடைச்சோ தண்ணில கரைச்சோ குடுக்கக்கூடாது, பட்டினியா இருக்குற மாட்டு முன்னாடி வைக்கவும் கூடாது. யூரியா எந்த வழியா குடுத்தாலும் பச்சை சோயா பீன்ஸ் அதோட சேரக்கூடாது, அதுல யூரியேஸ் ரொம்ப அதிகம், எல்லாத்தையும் ஒரே நேரத்துல அமோனியாவா மாத்திடும்.

ஏற்கெனவே நல்லா இருக்குறத கெடுக்காதீங்க

மேல சொன்னேன்ல, கடலைக்கொடிக்கும் பச்சைத் தட்டைக்கும் யூரியா வைத்தியம் கூடாதுன்னு. காரணம் வெறும் வீண் செலவு மட்டும் இல்ல. சர்க்கரை இருக்குற தீவனத்துல அமோனியாவும் சேந்து, உள்ள சூடும் ஏறிச்சுன்னா 4-மெத்தில் இமிடசோல்னு ஒரு விஷம் உண்டாகும். அத தின்ன மாடு திடீர்னு வெறி பிடிச்ச மாதிரி ஓடும், எதுல போய் மோதுறோம்னு தெரியாது, வட்டமா சுத்தும், பால் குடிக்கிற கன்னுக்குட்டிக்கும் பால் வழியா வரும். யூரியா வைக்கோலோட மொலாசஸ் கலந்து மூடுனா வாசனையா இருக்கும்னு ஒரு யோசனை சுத்திக்கிட்டு இருக்கு, தயவு செஞ்சு வேணாம். மொலாசஸ் வேணும்னா போடும்போது மேல தெளிச்சுக்கோங்க.

பச்சைத் தட்டைக்கு சைலேஜ்

கதிர் ஒடிச்ச அன்னிக்கே, இல்லாட்டி மறுநாள், இலை பச்சையா இருக்கும்போதே வெட்டுங்க. 2 சென்டிமீட்டருக்கு நறுக்கி ஒரு பிடி எடுத்து இறுக்கிப் பிழிஞ்சு விடுங்க: தண்ணி சொட்டுனா ஈரம் ஜாஸ்தி, அரை நாள் வாட விடுங்க, கைய திறந்ததும் பொலபொலன்னு உதிர்ந்தா காஞ்சு போச்சு, உருண்டை மெதுவா விரிஞ்சு உள்ளங்கை லேசா நனைஞ்சிருந்தா சரியான பதம், 65லேர்ந்து 70% ஈரம். இதுல யூரியாவும் வேணாம் ஒண்ணும் வேணாம், தட்டை கொஞ்சம் முத்திருந்தா 100 கிலோவுக்கு ஒண்ணு ரெண்டு கிலோ மொலாசஸ் கரைச்சு தெளிக்கலாம். மிதிச்சு மிதிச்சு காத்த வெளியேத்தி, ஒரே நாள்ல நிரப்பி மூடிடணும். 30லேர்ந்து 45 நாள். இங்க நடக்குறது யூரியாக்கு நேர் எதிர், அங்க காரம், இங்க புளிப்பு, லாக்டிக் அமிலம் ஊறி பிஎச் (புளிப்ப அளக்குற எண், குறையக் குறைய புளிப்பு ஜாஸ்தி) 4 பக்கம் இறங்கும், அதான் கெடாம வச்சிருக்கும். நல்ல சைலேஜ் பழமும் வினிகரும் கலந்த மாதிரி மணக்கும், ஊசிப்போன வெண்ணெய் நாத்தம் அடிச்சா போச்சு. திறந்த பொறகு தினமும் முகப்புல இருந்து அரை அடியாவது சீவி எடுங்க, விட்டு விட்டு எடுத்தா சூடேறி கெட்டுடும்.

நல்லா காஞ்சு வெளுத்துப்போன தட்டைல தண்ணி தெளிச்சு சைலேஜ் போட முடியாது, புளிக்கிறதுக்கு வேண்டிய சர்க்கரை அதுல இல்ல. அது யூரியா கேஸ்.

சோளத்துக்கு ஒரு எச்சரிக்கை. இளம் பயிரு, வறட்சில வாடினது, அறுத்த பொறகு துளிர்க்கிற மறுதாம்பு, இதுல சயனைடு விஷம் இருக்கும், பச்சையா மேய விட்டா மாடு நின்ன எடத்துலயே சாயும். முழுசா காய வச்சாலோ சைலேஜ் போட்டாலோ பெரும்பாலும் குறைஞ்சிடும். ஆனா வறட்சில காஞ்ச மக்காச்சோளம், சோளத்துல நைட்ரேட் சேந்திருந்தா அது காய வச்சாலும் போகாது, அது அடித்தண்டுலதான் அதிகம், அதனால அந்த மாதிரி வருஷம் ஒரு அடி உயரம் விட்டு மேல வெட்டுங்க, வேற தீனியோட கலந்து கொஞ்சமா போடுங்க.

மழைல மாட்டுன வைக்கோல்

அறுப்பு நேரத்துல மழை பிடிச்சு வைக்கோல் காயவே இல்லைன்னா எல்லாரும் அப்படியே அழுக விட்டுடுறாங்க. அமோனியாவுக்கு பூசணத்த கொல்ற குணம் இருக்கு. அழுக ஆரம்பிக்காத, புதுசா அறுத்த ஈர வைக்கோல்னா அதையே யூரியா போட்டு மூடிடலாம், ஈரம் அதுலயே இருக்கறதால யூரியா கரையுற அளவுக்கு தண்ணி போதும். யூரியாவ காஞ்ச எடைக்கு கணக்கு பண்ணணும், அதுலதான் எல்லாரும் சறுக்குறது: பாதி ஈரமா இருக்குற 100 கிலோ வைக்கோல் உண்மைல 50 கிலோதான், அதுக்கு யூரியா 2 கிலோ. ஏற்கெனவே பூசணம் பிடிச்சத இப்படி காப்பாத்த முடியாது, பூசணம் செத்தாலும் அது விட்ட விஷம் சாகாது.

கூட என்ன போடணும்

யூரியா வைக்கோல் மட்டும் போட்டா மாடு எடை குறையாம தாங்கும், அவ்ளோதான் எதிர்பாக்கணும். பால் வேணும்னா மேல புண்ணாக்கு, கலப்புத் தீவனம் வேணும். ஆனா மாவுச்சத்து தானியத்த ஒரே வேளைல அள்ளிக் கொட்டினா பெருவயிறு புளிச்சு பிஎச் 6க்கு கீழ இறங்கும், நார உடைக்கிற நுண்ணுயிருங்க முடங்கிடும், நீங்க 21 நாள் காத்திருந்த வேலை எல்லாம் வீண். பிரிச்சு பிரிச்சு குடுங்க. வைக்கோல்ல வைட்டமின் ஏ கிடையாது, தினமும் ரெண்டு மூணு கிலோ பசுந்தழையாவது போடணும், பயறு வகை தழைன்னா புரதமும் சேந்து கிடைக்கும். பாஸ்பரஸ் வைக்கோல்ல ரொம்ப கம்மி, சுண்ணாம்புச்சத்து இருக்குறதும் ஆக்சலேட்டுக்கு போயிடும், அதனால பெரிய மாட்டுக்கு தினம் 50 கிராம் தாது உப்புக் கலவை. இத விட்டுட்டு மாடு சினை நிக்கலன்னு வைக்கோல திட்டாதீங்க.

வேலை செய்யுதான்னு எப்படி தெரியும்? பால் அளக்குறதுக்கு முன்னாடி காடில மிச்சம் கிடக்குறத எடை போடுங்க, மாத்துறதுக்கு முந்தின வாரமும் மாத்தின மூணாவது வாரமும். அப்புறம் சாணிய பாருங்க, ஒரு குச்சியால கலைச்சா முன்னாடி நீளநீளமா வைக்கோல் துண்டு அப்படியே வந்திருக்கும், இப்ப அது குறைஞ்சிருக்கணும். சாணி ரொம்ப இளகி தண்ணியா போனா தீனிய மாத்துன வேகம் ஜாஸ்தி, ரெண்டு நாள் பழைய அளவுக்கு போயிட்டு மறுபடி கூட்டுங்க.